காரை விழுந்த கூரை: ஏர்வாடிக் கரையில் ஒரு தொகுப்பு வீட்டு வேலை

ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் இடைப்பட்ட கரையில் ஒரு சின்னக் குடியிருப்பு. தென்கடலைப் பார்த்த ஊர். ஆண்கள் நாட்டுப்படகுக்கும் கரைவலைக்கும் போவார்கள். பெண்களுக்குக் கடற்பாசித் தொழில்: மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி. முப்பது வருஷத்துக்கு முன்னால் அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடுகள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. அதில் ஒரு வீட்டின் கூரையைச் சரிசெய்த வேலைக் குறிப்பு இது. 10-க்கு 12 அடியில் ஒரு அறை, அதை ஒட்டி 6 அடி அகலத்தில் அடுப்படி, அவ்வளவுதான். பாசி எடுக்கிற ஒரு ஆத்தா, அவருடைய மகள், இரண்டு பேரப்பிள்ளைகள் குடியிருக்கிறார்கள்.

உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேலே பழைய நைலான் வலை ஒன்று. நாலு சுவரிலும் ஆணி அடித்து, தொய்வில்லாமல் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதில் உள்ளங்கை அகலத்துக்குக் காரைத் துண்டுகள் விழுந்து கிடந்தன. தூங்குகிற பிள்ளைகள் தலையில் விழாமல் இருக்க ஆத்தா செய்த ஏற்பாடு. “சின்னதுக்குத்தான் தம்பி இது. பெருசா விழுந்தா வலையும் சேர்ந்து வந்துரும்” என்றார். மேலே பார்த்தால் கூரையில் பாதிக்கு மேல் கம்பி வெளியே தெரிந்தது. மீதி இடத்தில் காரை உப்பி, விழ நேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமே என்று ஊரில் பலரும் சொன்னார்கள். பணம் எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி. பிரதமரின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு அடிப்படைத் தொகை 1.20 லட்சம், தளம் போடுவதற்கு மாநில அரசு மேலே கொடுக்கிறது. 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம். ஆனால் அது குடிசையில் இருப்பவர்களுக்கானது. கான்கிரீட் கூரை போட்ட வீடு குடிசைக் கணக்கில் வராது, அந்தக் கூரை தலையில் விழுந்துகொண்டிருந்தாலும். 2000-2001க்கு முன் கட்டிய அரசு வீடுகளைப் பழுதுபார்க்கத் தனியாக ஒரு திட்டத்தை மாநில அரசு 2024-இல் அறிவித்தது. இந்த வரிசையிலிருந்து அதற்கு மனு போயிருக்கிறது. ஐப்பசி மழை அதுவரை பொறுக்காது என்பதால் உறவுக்காரர்களும் சங்கத்துப் பெண்களும் கொஞ்சம் போட்டு, நானும் தெரிந்த கொத்தனார் ஒருவரும் இறங்கினோம்.

பழங்குடிகளுக்கென்று தனி வீட்டுத் திட்டம் இருக்கிறதே, கடலே கதியென்று தலைமுறை தலைமுறையாக இருக்கிற இவர்களுக்கு அது கிடையாதா என்று என்னோடு வந்த பையன் கேட்டான். 2023 நவம்பரில் தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டத்தில் வீட்டுக்கு 2 லட்சம். நாடு முழுக்க 75 பழங்குடிக் குழுக்களுக்கு. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு குழுக்கள் அதில் வருகின்றன. மீனவர்களையும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை பல காலமாக அப்படியே நிற்கிறது. பட்டியல் சண்டை என் வேலை இல்லை. என் சண்டை வரைபடத்தோடு. மலையில் கட்டும்போது மலையாட்களையும் கரையில் கட்டும்போது கரையாட்களையும் ஒரு வார்த்தை கேட்காமல் போடுகிற வரைபடம் எந்தத் திட்டத்தில் வந்தாலும், எத்தனை லட்சத்தில் வந்தாலும், இப்படித்தான் வலை கட்டிப் படுக்கிற கதியில் வந்து நிற்கும். மலைக்கும் சமவெளிக்கும் தனித்தனித் தொகை பார்த்திருக்கிறேன். உப்புக் காற்றுக்கென்று ஒரு வரி பார்த்ததில்லை.

வேலைக்குப் போகும் முன் ஒன்று தெரிய வேண்டியிருந்தது. கம்பியைத் தின்ற உப்பு வெளிக்காற்றில் வந்ததா, கட்டும்போதே கலவைக்குள் போனதா? காற்றில் வந்த உப்பு என்றால் வெளிப்புறக் கான்கிரீட்டை நீக்கிவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது. உள்ளேயே இருக்கிறது என்றால் எவ்வளவு கொத்தினாலும் உப்பு அங்கேயே இருக்கும். செய்கிற வேலையின் ஆயுள் எவ்வளவு என்பது இதைப் பொறுத்தது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம். தெரிந்த கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வெள்ளி நைட்ரேட் கரைசலும் பினாஃப்தலீனும் கொஞ்சம் வாங்கி வந்திருந்தேன். கூரையிலிருந்து உறுதியான ஒரு துண்டைப் பெயர்த்து, இரண்டாக உடைத்து, உடைந்த புதுமுகத்தில் தெளித்தோம். உடைத்த உடனே தெளிக்க வேண்டும், தண்ணீர் படக்கூடாது. பினாஃப்தலீன் பட்ட பாதி நல்ல ரோஸ் நிறத்துக்குப் போனது. அதாவது கான்கிரீட்டின் காரத்தன்மை இன்னும் சாகவில்லை. காரம் இருக்கும்வரை கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் இருக்கும், துரு ஏறாது. அப்படியும் ஏறியிருக்கிறது என்றால் அந்தப் படலத்தை ஓட்டை போட்டது குளோரைடுதான். இன்னொரு பாதியில் வெள்ளி நைட்ரேட். குளோரைடு இல்லாத இடம் பழுப்பாகும், இருக்கிற இடம் வெள்ளையாகத் திரியும். ஓரத்தில் மட்டும் வெள்ளை விழுந்து நடுவில் பழுப்பு வந்தால் காற்றின் வேலை. எங்கள் துண்டு இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை பால் போல வெளுத்தது. வெயிலில் வைத்திருந்தால் அந்த வெள்ளையும் சற்று நேரத்தில் கறுத்துப்போகும், அதனால் அங்கேயே போட்டோ எடுத்துக்கொண்டேன். கையுறை போடாமல் தொட்ட பையனுடைய விரல் நுனி ஒரு வாரம் கறுப்பாகவே இருந்தது.

ஆக, உப்பு கலவையிலேயே கலந்தது. ஆத்தாவைக் கேட்டதும் விடை வந்துவிட்டது. வீடு கட்டிய காலத்தில் கலவைக்குத் தண்ணீர் எடுத்தது தெருவுக்குப் பின்னால் பள்ளத்தில் தோண்டிய ஊற்றிலிருந்து. “நல்ல தண்ணி காசு குடுத்து வாங்குனது. குடிக்கிறதுக்கே அளந்து ஊத்துவோம். கலவைக்கு யாரு ஊத்துவா?” அந்த ஊற்று இன்னும் இருக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தேன், லிட்டருக்கு 4,000 மில்லிகிராமைத் தாண்டியது. மீட்டர் குளோரைடை மட்டும் பிரித்துச் சொல்லாது. ஆனால் கடல் உப்பில் எடைக்கு 55 சதவீதம் குளோரைடு. கரை ஊற்றில் வருவது பெரும்பாலும் அதே உப்பு என்று வைத்தால் 2,000-க்கு மேல் இருக்கும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456-இன்படி கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு விடுகிற தண்ணீரில் குளோரைடு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நாலு மடங்கு. சிமெண்டைக் குறைத்தார்கள், கம்பியைத் திருடினார்கள் என்று ஊர் பேசியதெல்லாம் இருக்கட்டும். இந்த வீட்டைக் கொன்றது தண்ணீர். அந்தத் தண்ணீரைத் தேர்ந்தெடுத்தது ஆத்தாவும் இல்லை, கொத்தனாரும் இல்லை. நல்ல தண்ணீருக்குப் பணம் வைக்காத கணக்கு.

ஆத்தாவிடம் அப்போதே சொல்லிவிட்டேன்: இது புதுக் கூரை ஆகாது, நாள் வாங்குகிற வேலை. பழைய கான்கிரீட்டில் உப்பு இருக்கிறவரை இன்னொரு பக்கம் ஒரு நாள் உப்பும். “எம்புட்டு நாளு?” என்றார். ஒழுங்காகச் செய்து, மேலே தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொண்டால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடிக்கிறவரை ஓடும் என்றேன். “போதும், செய்யி” என்றார்.

கூரைப் பழுது என்றால் எல்லோரும் கீழே நின்று மேலே பார்ப்பார்கள். முதல் வேலை இருந்தது மொட்டைத் தளத்தில். ஒழுகுகிறது, ஒழுகுகிறது என்று ஒவ்வொரு மழைக்கும் ஒரு பூச்சு சிமெண்டுக் கலவையை மேலே போட்டு ஏற்றியிருந்தார்கள். கொத்திப் பார்த்தால் 3 அங்குலக் கனம். சதுர அடிக்கு 14, 15 கிலோ. அறைக்கு மேலே மட்டும் ஒன்றரை டன்னுக்கு அதிகமான பாரம், ஏற்கெனவே கம்பி இளைத்த தளத்தின் மேல். ஒழுகலும் நிற்கவில்லை. இது இந்தக் கரையில் வீட்டுக்கு வீடு நடக்கிற தப்பு வைத்தியம். 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி வேறு நடுத்தளத்தில் உட்கார்ந்திருந்தது. அறைக்குள் இரும்பு ஜாக்கி முட்டுகள் கொடுத்து, பலகை வைத்து நெருக்கிய பிறகு, தொட்டியை இறக்கி, அந்தப் பழைய பூச்சு முழுவதையும் சின்னச் சின்னதாகப் பெயர்த்து இறக்கினோம். மெஷின் வைக்கவில்லை, அதிர்ச்சிக்குக் கூரை தாங்காது. உளியும் இரண்டு பவுண்டு சுத்தியலும்தான்.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. சுத்தியல் முனையால் அடியிலிருந்து தட்டிக்கொண்டே போனால் நல்ல கான்கிரீட் ‘டண்’ என்று பேசும், விட்டுப்போன இடம் ‘பொத்’ என்கும். கொத்தனார் அண்ணனுக்குக் காது கெட்டி. ‘பொத்’ என்ற எல்லையைச் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொண்டே போனார். கடைசியில் நல்ல இடத்தைத்தான் வட்டமிட்டிருக்க வேண்டும், அவ்வளவு குறைவு.

கொத்துகிற அளவில்தான் பெரும்பாலான பழுதுவேலை கெட்டுப்போகிறது. கண்ணுக்குத் தெரிகிற துருவை மட்டும் சுரண்டி, மேலே கலவையைப் பூசிவிட்டுப் போவார்கள். இரண்டு மழை தாண்டினால் பூசிய இடம் அப்படியே நிற்கும், அதன் விளிம்பை ஒட்டிய பழைய இடம் புதிதாக வெடிக்கும். காரணம் மின்வேதியியல். துருப்பிடித்துக்கொண்டிருந்த இடம் அதுவரை பக்கத்துக் கம்பிக்கும் சேர்த்து அடி வாங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுத்தம் பண்ணி உப்பில்லாத கலவையால் மூடிவிட்டால், பக்கத்தில் உப்போடு இருக்கிற கம்பி அந்த அடியை வாங்க ஆரம்பிக்கும். அதனால் துரு எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்தாமல், பளபளக்கிற கம்பி கண்ட பிறகும் ஒரு சாண் தூரம் போகச் சொன்னேன். கம்பிக்குப் பின்னாலும் ஒரு அங்குலம் இடைவெளி, விரல் உள்ளே போய்வர வேண்டும். கம்பியின் முதுகுப் பக்கம் பழைய உப்புக் கான்கிரீட்டில் ஒட்டியிருந்தால் முன்பக்கம் பூசி என்ன புண்ணியம்? ஒரே மூச்சில் எல்லாவற்றையும் திறக்காமல் ஒரு பட்டை விட்டு ஒரு பட்டையாக எடுத்தோம்.

“ஏந்தம்பி, இப்படிக் கொத்துனா மிச்சம் என்ன இருக்கும்?” என்று அண்ணன் இரண்டாவது பட்டையில் முணுமுணுத்தார். கூலிக்கு இல்லை, கழுத்து வலிக்கு. தலைக்கு மேலே உளி பிடிப்பது லேசில்லை. கண்ணாடி, முகமூடி இல்லாமல் யாரும் ஏறக் கூடாது என்பதில் மட்டும் நான் கறாராக இருந்தேன்.

வெளியே வந்த கம்பியைப் பார்த்ததும்தான் வலைக்குள் கிடந்த காரையின் அர்த்தம் புரிந்தது. துரு என்பது இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கல்தான் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. உரித்தெடுத்தால் அடுக்கடுக்காக வந்தது. அடியில் தங்கிய இரும்பை வெர்னியர் வைத்து அளந்தேன்: 8 மில்லி கம்பி பல இடத்தில் 6 மில்லி. கேட்கும்போது இரண்டு மில்லிதானே என்று தோன்றும். கம்பியின் பலம் விட்டத்தில் இல்லை, வெட்டுமுகப் பரப்பில் இருக்கிறது. 6-க்கு 6 முப்பத்தாறு, 8-க்கு 8 அறுபத்து நாலு. 44 சதவீதம் போய்விட்டது. பரப்பு கால்பங்கு குறைந்த கம்பிக்கே துணைக்கம்பி வேண்டும் என்பது நான் பின்பற்றுகிற கணக்கு. எனவே அந்த இடங்களில் புது 8 மில்லி முறுக்குக் கம்பியைப் பக்கத்தில் சேர்த்துக் கட்டினோம். இரண்டு பக்கமும் நல்ல கம்பியோடு 40 சென்டிமீட்டர், அதாவது விட்டத்துக்கு 50 மடங்கு, ஒட்டி ஓட வேண்டும். சுவரோரம் அந்த நீளம் கிடைக்காத இடத்தில் தாங்குசுவருக்குள் துளை போட்டு எபாக்சி வைத்துச் செருகினோம்.

கவர் எவ்வளவு இருந்தது என்று பார்த்தேன். கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் நிற்கிற கான்கிரீட்டின் கனம்தான் கவர். இங்கே 12 மில்லிகூட இல்லை. சில இடத்தில் சென்ட்ரிங் பலகையின் நார்க்கோடுகள் கம்பி மேலேயே பதிந்திருந்தன. தரவிதி, வீட்டுக்குள் உப்புக்காற்று நேராகப் படாமல் மறைவில் இருக்கிற பரப்புக்கே 30 மில்லியும் கடற்காற்றில் வெளியே நிற்பதற்கு 45 மில்லியும் கேட்கிறது. “கவர் கட்டையா? அப்பல்லாம் சல்லியில ஒண்ணப் பொறுக்கிக் கம்பிக்கு அடியில வைப்போம். ஆளு மேல நடந்தா நகந்துரும்” என்றார் அண்ணன். அவரும் இளவயதில் இப்படி நிறையக் கூரைகளில் நடந்தவர்தான்.

இதே கடலில் கொஞ்சம் வடகிழக்கே போனால் பாம்பன். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புது ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சு, முழுக்க வெல்டு செய்த இணைப்புகள். சரியாகத்தான் செய்திருக்கிறார்கள், அந்தக் காற்றுக்கு அது வேண்டும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் பாம்பனை ஒட்டிய மண்டபம் ஊரில் வைத்தே பல காலமாகத் துருவை ஆராய்கிறது. கம்பிக்குப் பூசுகிற சிமெண்ட்-பாலிமர் பூச்சு ஒன்றையும் அவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். இதெல்லாம் இந்தத் தெருவிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது. பாலத்துக்குத் தெரிந்த காற்று தொகுப்பு வீட்டுக்கு மட்டும் தெரியாமல் போனது எப்படி என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

கம்பியைக் கம்பிப் பிரஷால் வெள்ளை இரும்பு தெரிகிறவரை தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவி, துணியால் துடைத்து, காய்ந்த அன்றே துத்தநாக பிரைமர் அடித்தோம். இரவு ஒன்று தாண்டினாலே இந்தக் காற்றில் செம்மை படிந்துவிடும். முதுகுப் பக்கத்துக்குச் சின்னப் பிரஷை வளைத்துக் கட்டிக்கொண்டு ஆத்தாவின் மகள் அடித்தார். வலைக் கண்ணி பார்த்துப் பழகிய கண், ஒரு இடம் விடவில்லை.

கலவைக்கு வருவோம். எம்-சாண்டும் சிமெண்டும் மூன்றுக்கு ஒன்று. சிமெண்ட் மூட்டைக்கு 10 லிட்டர் எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் (கலவை ஒட்டிப் பிடிக்கச் சேர்க்கிற ரப்பர்ப் பால்), அதன் மேல் கையில் பிடித்தால் நிற்கிற அளவுக்கு மட்டும் தண்ணீர். மணலைத் தார்ப்பாயில் கொட்டி, தார்ப்பாயாலேயே மூடினோம். கரையில் திறந்து கிடந்தால் மணலும் உப்பாகும். தண்ணீர் ஊருக்குள் வருகிற காவிரிக் குடிநீர். குழாயில் வருகிற நாள் பார்த்து டிரம்மில் பிடித்து வைத்தோம், போதாததற்கு வண்டித் தண்ணீர் வாங்கினோம். ஒரு தடவை சித்தாள் பழக்கதோஷத்தில் ஊற்றுப் பக்கம் வாளியோடு போனார். ஆத்தா வாசலில் இருந்தே போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

கலவை வைக்கும் முன் பழைய கான்கிரீட்டை நனைத்து, மேல் ஈரம் வடிந்த பிறகு லேடெக்ஸும் சிமெண்டும் குழைத்த ஒட்டுப்பூச்சு. இது பிசுபிசுப்பாக இருக்கும்போதே கலவை மேலே ஏற வேண்டும். காய்ந்துவிட்டால் ஒட்டவைக்க அடித்ததே பிரித்துவைக்கிற படலமாகிவிடும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மத்தியானத்தில் பத்து நிமிஷத்துக்குள் காய்ந்தது. ஆகவே தென்புற சன்னலைச் சாக்குப் போட்டு மூடி, விடிகாலையிலும் அந்தியிலும் மட்டும் வேலை. அண்ணன் முழங்கையளவு இடத்துக்கு ஒட்டுப்பூச்சு அடிப்பார், நான் கலவை உருண்டையைக் கொடுப்பேன், அவர் கட்டைவிரலால் கம்பிக்குப் பின்னால் திணிப்பார். கரண்டியால் வீசினால் கம்பிக்குப் பின்னே காற்றுப்பை நிற்கும். கம்பி முழுக்க மறைந்த பிறகே மட்டமாகத் தேய்க்க மணியாசுக் கட்டை. ஒரு தடவைக்கு 12 மில்லிக்கு மேல் ஏற்றவில்லை. ஏற்றினால் சொந்தப் பாரத்திலேயே தொங்கி இறங்கும். ஒவ்வொரு பூச்சையும் கீறிவிட்டு, அடுத்த பூச்சு. முடித்தபோது கம்பிக்குக் கீழே 30 மில்லி. இதனால் ஏறிய எடை சதுர அடிக்கு 3, 4 கிலோதான். மேலேயிருந்து 15 கிலோவை இறக்கியிருக்காவிட்டால் இதைச் செய்ய எனக்குத் துணிச்சல் வந்திருக்காது.

ஏழு நாள் ஈரம். தலைகீழாக இருக்கிற பரப்பில் சாக்கு நிற்காது. அப்போதுதான் அந்த நைலான் வலை திரும்பவும் உபயோகப்பட்டது. நனைத்த சணல் சாக்குகளை வலையில் பரப்பி, முட்டுக்கு முட்டு இழுத்துக் கட்டிக் கூரையோடு அணைத்துவிட்டோம். யோசனை ஆத்தாவுடையது. முட்டுகளை அதற்குப் பிறகும் ஒரு வாரம் எடுக்கவில்லை. அந்த நாட்களில் குடும்பம் தூங்கியது எதிர்வீட்டு மதினியின் திண்ணையில்.

மேல்தளத்தில் விரிசல்களைத் திறந்து அடைத்து, தண்ணீர் மூலைக்குழாய்க்கு ஓடுகிற மாதிரி மெல்லிய சரிவு மட்டும் கொடுத்து, கண்ணாடி இழை வலை வைத்து இரண்டு கை அக்ரிலிக் பூச்சு. அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளை, சூட்டுக்கு. தொட்டியைச் சுவர் மேல் நிற்கிற மேடைக்கு மாற்றினோம். ஒரு சிக்கல் பாக்கி: பாசி. ஆத்தா ஈரப்பாசியை மொட்டைத் தளத்தில்தான் காயப்போடுவார். கடல்தண்ணீர் சொட்டச் சொட்ட வருஷக்கணக்காக அந்தத் தளம் குடித்திருக்கிறது. கீழே மணலில் போடலாமே என்றால், “மண்ணு சேந்தா யாவாரி எடையக் கழிச்சிருவான்ல” என்றார். நியாயம்தானே. வீடு கட்டிக் கொடுத்தவர்கள் யோசித்திருந்தால் அன்றைக்கே காயப்போட ஒரு இடம் சேர்த்திருப்பார்கள். வாசலுக்குப் பக்கத்தில் இடுப்பு உயரத்தில் சவுக்குக்கால் நட்டு, பழைய வலை விரித்து ஒரு பரண் போட்டோம். காற்று அடியிலும் போவதால் பாசி சீக்கிரம் காய்கிறது என்று இப்போது பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்கிறார்கள்.

சுவர்க் கதை சுருக்கம்தான். முழங்கால் உயரத்துக்கு ஓதம், அதாவது தரை ஈரம், ஏறி, உப்புப் பூத்து, சிமெண்ட் பூச்சு பொருக்கு விட்டிருந்தது. மகளுக்கு இடுப்பளவு டைல்ஸ் ஒட்ட ஆசை. டைல்ஸ் ஒட்டினால் ஓதம் நிற்காது, வெளியேற வழியில்லாமல் டைல்ஸுக்கு மேலே போய்ப் பூக்கும் என்று சொன்னதற்கு முகம் சுருங்கிவிட்டது. சிமெண்டைக் கொத்தி எடுத்து, கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறவைத்து மணலோடு பூசினோம். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். உப்பு அதன் மேல் பூத்து உதிரும், சில வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பூச்சை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், செங்கல் பிழைக்கும். இந்தக் கரையில் பழைய வீடுகள் முருகைக்கல்லும் (கடலில் எடுக்கிற பவளக்கல்) சுண்ணாம்புமாக நின்றவை. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவானது, இப்போது முருகைக்கல்லைத் தொட முடியாது, தொடவும் கூடாது. ஆனால் சுவருக்கு மூச்சு வேண்டும் என்ற அந்தக் கைப்பக்குவத்தைச் சிமெண்ட் மூட்டையோடு சேர்த்துத் தூக்கிப் போட்டிருக்க வேண்டாம். மகளுக்கு அடுப்படி மேடையில் மட்டும் டைல்ஸ், சமாதானம் ஆகிவிட்டது.

தெற்குச் சுவரில் கச்சான் நேராக அடிப்பதால் அந்தப் பக்கம் பனஞ்சட்டம் போட்டு ஓலைத் தாழ்வாரம் ஒன்று இறக்கினோம். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். இடிந்த வீடு ஒன்றில் கிடந்த வைரம் பாய்ந்த சட்டங்கள் கிடைத்தன. எந்தப் பக்கம் எவ்வளவு தாழ இறக்குவது என்பதை ஆத்தாவும் எதிர்வீட்டுப் பெரியவரும் பேசி முடித்தார்கள். நான் அளவுநாடாவைப் பிடித்தேன்.

செலவு மொத்தம் ஐம்பதாயிரத்தை ஒட்டி வந்தது. பாதிக்கு மேல் கூலி. பொருளில் பெரிய தொகை லேடெக்ஸும் பிரைமரும் முட்டு வாடகையும். தண்ணீருக்கு ஆனது அதில் சின்னத் தொகை, முப்பது வருஷத்துக்கு முன்பும் சின்னத் தொகையாகத்தான் இருந்திருக்கும்.

வடபுற சன்ஷேடு இன்னும் செய்யவில்லை. தட்டினால் ‘பொத்’ என்கிறது, தண்ணீர்ப் பானைகளை அதன் அடியிலிருந்து எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். மழை முடிந்து தை பிறந்ததும் அதை முழுக்க வெட்டி எடுத்துவிட்டு ஓலையே இறக்கிவிடலாம் என்பது அண்ணன் கட்சி, எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

இரண்டு வீடு தள்ளி, குடிசையில் இருக்கிற ஒரு குடும்பத்துக்குப் புது வீடு அனுமதி ஆகியிருக்கிறது. கடைக்கால் தோண்டியாயிற்று. தளத்துக்கு 30 மில்லி கவர் வைத்தால் 4 அங்குலத் தளம் போதாது, 5 அங்குலமாக்க வேண்டும், இல்லையென்றால் கம்பி நடுவில் போய் உட்கார்ந்துவிடும். ஒப்பந்தக்காரர் அரை மனதாக ஒத்துக்கொண்டார், கூடுதல் சிமெண்டைச் சங்கம் வாங்கிக் கொடுக்கிறது. கவர் கட்டைகளை நல்ல தண்ணீரில் குழைத்து, பழைய பிவிசி பைப்பை 30 மில்லிக்கு அறுத்து அச்சாக வைத்து, இந்த வீட்டுத் தாழ்வாரத்திலேயே வார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கலவை போடுகிற அன்று டேங்கர் தண்ணீரை மீட்டர் வைத்துப் பார்த்து விடுகிற வேலை ஆத்தாவுடையது. மீட்டரை என்னிடம் திருப்பித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.